நெடுந்தீவு நாட்குறிப்பு: படகா, போனா?

நவம்பர் 11
வாடைக்காற்று தொடங்கிவிட்டது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஒரு மணி நேரம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். கடல் அமைதியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, மகப்பேற்று நிபுணர் இல்லை. ஆகவே யாரைக் கடல் தாண்டி அனுப்புவது என்ற யோசனை குடும்பநல உத்தியோகத்தரான (ஊர் மருத்துவிச்சி) எனக்கு எப்போதும் உண்டு.

நவம்பர் 14
33 கிழமைக் கர்ப்பிணி. வீட்டில் பார்த்தபோது பிறசர் 150/96. கால் வீக்கம். நிபுணருக்கு வீடியோ அழைப்பு எடுத்தால் அவர் முகம் பாதியில் உறைந்து நின்றது. சரி, குரல் போதும் என்று மாற்றினோம்.

"மிஸ், எந்தக் கஃப் கட்டினனீங்கள்?"

"பெரிசுதான் டொக்டர்."

கஃப் என்பது பிறசர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டி. தடித்த கையில் சின்னக் கஃப் கட்டினால் அளவு கூடக் காட்டும், அதனால்தான் முதல் கேள்வியே அது. அப்புறம், "தலையிடி இருக்கோ, கண் மங்குதோ, மேல்வயிறு நோகுதோ?" தலையிடி இருந்தது. சிறுநீரில் அல்பியுமின் என்ற புரதம் இரண்டு பிளஸ். "அடுத்த படகில ஏத்துங்கோ."

மாமியாருக்கு நம்பிக்கையில்லை. "போனில பாத்து என்ன தெரியும் பிள்ளை?" நான் கண்ணால் பார்த்ததைத்தானே அவர் காதால் கேட்டார், அம்மா!

கர்ப்பிணி அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். அவள் போய்ச் சேருமுன் வார்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

நவம்பர் 15
கடல் கொந்தளிப்பு, படகு இல்லை. நேற்றே அனுப்பியது நல்லது.

நவம்பர் 19
ஆஸ்பத்திரி மிஸி (தாதி) ஒரு சீனி வருத்தக்காரரின் கால் புண்ணைப் படமெடுத்தார். பகல் வெளிச்சம், பிளாஷ் இல்லை, அளவு தெரியப் பக்கத்தில் அடிமட்டம். அதை ஒரு நிபுணருக்கு அனுப்பினார். அவர் தன் கிளினிக் முடித்து இரவு பதில் போட்டார்: சிவப்பு பரவவில்லை, இங்கேயே மருந்து கட்டலாம். எங்கள் சிக்னலுக்கு வீடியோவைவிடப் படம்தான் உதவும். அந்த நோயாளி கடற்றொழிலாளி, அவருக்கு இரண்டு நாள் உழைப்பும் மிச்சம்.

நவம்பர் 23
ஒரு வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் முகம் தெரியும் படம். யார் போட்டதென்று எழுதமாட்டேன். கோபம் வந்தது. கேட்டுத்தான் எடுக்க வேண்டும், முகமும் பெயரும் கூடாது, பதில் வந்ததும் அழிக்க வேண்டும். போனில் வந்த ஆலோசனையை நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவதும் வேண்டும். அது இல்லாவிட்டால் நாளைக்கு யார் சொன்னது என்று வரும்.

அன்று அனுப்பிய கர்ப்பிணிப் பிள்ளை இன்னும் வார்டில்தான். பிறசர் கட்டுப்பாட்டில் இருக்கிறதாம். இந்த மாதம் டேட்டாவுக்கு மறுபடி என் காசுதான். அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.