டைமர் ‘நின்றது’ என்றால் என்ன பொருள்?

இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்த ஒரு பேட்சை (நிரல் திருத்தத்தை) நேற்றிரவு அனுப்பிவைத்தேன். அதில் இயங்கும் நிரல் ஒரு வரிகூட மாறவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கான ஒரு டிரைவரில் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரலில்), குறித்த காலம் கழித்து ஒரு செயற்கூற்றை ஓடவைக்கும் டைமர்களைச் சுற்றி, படிப்பவர்களுக்காக எழுதியிருந்த குறிப்புகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். ‘இதற்கு இரண்டு வாரமா?’ என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரு பிழை. அந்த டிரைவரைக் கெர்னலிலிருந்து கழற்றும்போது எப்போதாவது ஒருமுறை கணினி முழுவதும் விழுந்துவிடும். ஏற்கெனவே விடுவித்துவிட்ட நினைவகத்தை டைமரின் செயற்கூறு தொட்டிருக்கிறது என்று பிழைப்பதிவு காட்டியது. ஆனால் டைமரை நீக்கும் வரி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதற்கு மேலே ஒரு குறிப்பு: ‘டைமரை நிறுத்து. இனி நினைவகத்தை விடுவிக்கலாம்.’ அதை நம்பி மூன்று நாள் வேறு எங்கெங்கோ தேடினேன்.

பிழை அந்த ‘நிறுத்து’ என்ற சொல்லுக்குள்தான் இருந்தது. கெர்னலில் டைமரை நிறுத்துவதற்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. டெல்_டைமர் என்று நெடுங்காலம் வழங்கிவந்த செயற்கூறு, டைமரைக் காத்திருப்பு வரிசையிலிருந்து எடுத்துவிடும், அவ்வளவுதான். அதே கணத்தில் செயலியின் வேறொரு கோரில் அந்த டைமரின் வேலை நடந்துகொண்டிருந்தால், அது பாட்டுக்கு நடக்கும். அதேபோல் டெல்_டைமர்_சிங்க் என்று வழங்கிவந்தது அந்த வேலை முடியும்வரை காத்திருக்கும். ஆனால் அதன்பிறகு யாராவது டைமரை மறுபடி முடுக்கினால் தடுக்காது. 2023இல் வெளிவந்த 6.2 பதிப்பில் சேர்ந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க் காத்திருப்பதோடு நிற்காமல், டைமருக்குள் இருக்கும் செயற்கூற்றின் முகவரியையும் வெறுமையாக்கிவிடும். பிறகு முடுக்க முயன்றாலும் கெர்னல் அதைக் கண்டுகொள்ளாது.

எங்கள் டிரைவரில் டைமர் அடித்ததும் ஒரு பணியை வரிசையில் போடும். அந்தப் பணி முடியும்போது டைமரை மறுபடி முடுக்கும். டைமரை முதலில் நீக்கினால், வரிசையில் மிச்சமிருக்கும் பணி அதை எழுப்பிவிடும். பணியை முதலில் ரத்து செய்தால், டைமர் புதிதாக ஒன்றைப் போட்டுவிடும். எந்தப் பக்கம் பிடித்தாலும் மறுபக்கம் நழுவுகிறது. இப்படிப்பட்ட வட்டங்களை அறுக்கவே ஷட்டவுன் வந்தது. அதை வைத்துப் பிழையைத் திருத்தியது ஒரே வரி; அது தனிப் பேட்ச். அந்த இடத்தில் இப்போது நான் எழுதியிருக்கும் குறிப்பு இது:

‘இந்த அழைப்பு திரும்பியதும் டைமரின் செயற்கூறு எந்தக் கோரிலும் ஓடிக்கொண்டிருக்காது; இனி அதை முடுக்கவும் முடியாது. பணியை இதற்குப் பின்னரே ரத்து செய்ய வேண்டும். எண்ணிக்கைப் பூட்டைப் பிடித்துக்கொண்டு இதை அழைக்கக் கூடாது; டைமரின் செயற்கூறும் அதே பூட்டைக் கேட்கிறது.’

கடைசி வாக்கியம் மிக முக்கியம். பூட்டு என்பது ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காப்பது; ஒருவர் விட்டால்தான் மற்றவருக்குக் கிடைக்கும். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செயற்கூறு முடியக் காத்திருப்போம். செயற்கூறு பூட்டுக்காக நம்மிடம் காத்திருக்கும். இருவரும் நகரமாட்டோம். செயற்கூற்றின் பெயரைப் பார்த்து இதை யாராலும் ஊகிக்க முடியாது. குறிப்புதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது அலகு. ஓரிடத்தில் ‘ஜிஃபீஸ் கூட்டல் 500’ என்று இருந்தது. ஜிஃபீஸ் என்பது கெர்னல் எண்ணிவரும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. பக்கத்தில் ‘5 விநாடி’. விநாடிக்கு 100 துடிப்பு என்று கெர்னலைக் கட்டினால் அது சரி. 250 என்று கட்டினால் 2 விநாடி. 1000 என்றால் அரை விநாடி. மில்லிவிநாடியைத் துடிப்பாக மாற்றித் தரும் செயற்கூறு இருக்கும்போது வெறும் எண்ணை எழுதியதே தவறு. அதைத் தனிப் பேட்சாக அனுப்பினேன்.

5 விநாடி என்று சரியாகவே கேட்டாலும், சாதாரண டைமர் சரியாக 5 விநாடியில் அடிப்பதில்லை. 2016இல் 4.8 பதிப்பில், டைமர்களைக் காலவாரியாக அடுக்கிவைக்கும் ‘டைமர் சக்கரம்’ மாற்றி எழுதப்பட்டதிலிருந்து, கேட்கும் காலம் நீள நீளப் படிகளும் பெரிதாகின்றன. விநாடிக்கு 1000 துடிப்பு வைத்தால் ஏறத்தாழ 4 முதல் 32 விநாடி வரையிலான டைமர்கள் 512 மில்லிவிநாடிப் படியில் உட்காரும். முந்தி அடிக்காது, அரை விநாடி வரை பிந்தலாம். இத்தகைய டைமர்களில் பெரும்பாலானவை பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கானவை. பதில் வந்ததும் அடிக்காமலேயே ரத்தாகிவிடும். அதனால் இந்தப் பிந்தல் நியாயமான விலைதான். ஆனால் ‘சரியாக 5 விநாடிக்கு ஒருமுறை மாதிரி எடுக்கும்’ என்று எங்கள் டிரைவரில் எழுதியிருந்தது. ‘சரியாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, எவ்வளவு பிந்தலாம் என்று எழுதினேன். துல்லியம் வேண்டுமென்றால் ஹெச்ஆர்டைமர் தனியாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த டைமர் குறிப்பு கெர்னலிலேயே இருக்கிறது. ஜிஃபீஸ் எண்ணி பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை. 32 பிட் எண்ணியாக அது நிரம்பித் திரும்பப் பூஜ்ஜியமாவதற்கு 5 நிமிடம் முன்பிருந்து தொடங்குகிறது. காரணம் மேலேயே இரண்டு வரியில் இருக்கிறது: சுற்றித் திரும்புவதால் வரும் பிழைகள் சீக்கிரமே வெளிப்பட வேண்டும் என்பதற்காக. இல்லாவிட்டால் 1000 துடிப்பில் அந்தப் பிழை 49 நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அந்த இரண்டு வரி இல்லையென்றால் யாராவது ஒருவர் ‘இது என்ன விசித்திரம்’ என்று அதைப் பூஜ்ஜியமாக்கியிருப்பார்.

ஒன்று மட்டும் பாக்கி. சாதனத்தை மீட்டமைத்த பிறகு 3 விநாடி காத்திருக்கும் ஒரு டைமர். மேலே ‘மாற்றாதே’ என்று மட்டும் இருந்தது. பழைய மாற்றப் பதிவுகளிலும் காரணம் இல்லை. 2 விநாடியாகக் குறைத்துப் பார்த்தேன். கையிலிருந்த இரண்டு சாதனங்களில் ஒன்று எழுந்திருக்கவில்லை. ‘மாற்றாதே’ என்பதை அழித்துவிட்டு, எந்தத் திருத்தப் பதிப்புச் சாதனம், எத்தனை முறை, என்ன நடந்தது என்று அங்கே எழுதியிருக்கிறேன்.