எந்த மண், எத்தனை டிகிரி?

ஜூன் 4

குடிவந்து பத்து நாள். கடைசிப் பெட்டியை இன்றைக்குத்தான் பிரித்தேன். சுடாமல் கொண்டுவந்த ஒன்பது சாடிகளில் ஏழு தூள். காய்ந்த பச்சை மண் எவ்வளவு நொய்மையானது என்று தெரிந்தும், துணி சுற்றினால் போதும் என்று நினைத்த புத்தியை என்ன சொல்ல? உடைந்தவற்றுக்காகப் பெரிய வருத்தமில்லை. சுடாத மண்ணை ஊறப்போட்டால் மறுபடி மண்தான். மிச்சமிருக்கும் இரண்டுதான் கவலை. சக்கரம் என்னோடு வந்துவிட்டது, சூளை வரவில்லை. பழைய ஊரில் அது நாலு பேரின் பொதுச்சொத்து.

ஜூன் 8

ஓர் ஓவியக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். திறப்பு நாளில் எல்லோரும் தெரிந்தவர்களோடு நிற்பார்கள், படத்தைக்கூட யாரும் பார்ப்பதில்லை.

ஜூன் 10

அதே கண்காட்சி, வேலைநாள் மதியம். கூடத்தில் நானும், நாற்காலியில் கொட்டாவி விட்டபடி ஒரு பெண்ணும். வரைந்தவரே அவர்தான்! ஒரு படத்தின் முன் நின்று காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். கிளம்பும்போது, சூளையோடு மண்பாண்டப் பொதுப் பட்டறை ஒன்று இருப்பதாகச் சொல்லி வழியும் வரைந்து கொடுத்தார்.

ஜூன் 14

பட்டறை. என் வேலைகளின் படங்களைக் கைபேசியில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. சூளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: “எந்த மண், எத்தனை டிகிரி?”

முதலில் முகத்தில் அடித்தது போலிருந்தது. யோசித்தால் நியாயமான கேள்வி. இவர்கள் கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, சுடுவது 1220 டிகிரியில். என் செம்மண் 1100-ஐத் தாண்டினால் தாங்காது. உப்பும், இளகும், தட்டோடு ஒட்டிக்கொள்ளும். என் ஒரு சாடிக்காக அடுத்தவர்களின் ஒரு மாத உழைப்பு போகும். தெரியாத ஆளின் மண்ணைச் சூளைக்குள் விடாதவர்தான் நல்ல சூளைக்காரர். கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் முதல் சூடு மட்டும் 1000 டிகிரிதான், அதில் என் மண்ணையும் வைக்கலாம் என்றார். அப்புறம், “சனிக்கிழமை வாங்க, கை வேணும்.”

ஜூன் 21

கை எதற்கு என்று இன்று தெரிந்தது. ஒரு வாரத்து மிச்ச மண் ஐந்து வாளி. கூழாகக் கரைந்ததை பிளாஸ்டர் பலகையில் பரப்பி, நீரை அது உறிஞ்சியதும் சுருட்டியெடுத்து, காற்றுக்குமிழ் போகப் பிசைய வேண்டும். துடைப்பத்தைத் தேடினேன், மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். உலர்ந்த மண்தூளில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணிதான். பழைய இடத்தில் நாங்கள் பெருக்கத்தான் செய்தோம். (சொல்லவில்லை.)

பிசையும்போது ஏனோ பேச்சு தானாக வருகிறது. கண்கள் மண்ணில் இருப்பதாலோ என்னவோ. பக்கத்தில் பிசைந்தவர் மரக்கட்டையில் அச்சு எடுப்பவராம். எதிரே இருந்தவர் நாடகத்துக்கு முகமூடி செய்கிறார், ஒத்திகைக்கு வரச்சொன்னார். இத்தனைக்கும் நான் இன்னும் ஒரு சாடியைக்கூட யாருக்கும் காட்டவில்லை.

ஜூன் 28

சூளை அடுக்கினோம். கிளேஸ் சூட்டில் ஒன்றையொன்று தொடக்கூடாது, ஒட்டிவிடும். முதல் சூட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாம். என் சின்னச் சாடி யாருடையதோ ஒரு பெரிய கிண்ணத்துக்குள் போய் உட்கார்ந்தது. 573 டிகிரியை மெதுவாகக் கடக்கும்படி பெரியவர் வேகத்தைக் குறைத்து வைத்தார். அந்த இடத்தில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று பருக்கும், ஆறும்போது சுருங்கும், அவசரப்பட்டால் விரிசல்.

ஜூன் 30

நேற்றே திறக்கச் சொல்லி ஒரு பையன் நச்சரித்தானாம். பெரியவர் அசையவில்லை. இன்று திறந்தார். ஒரு சாடி முழுசு. மற்றதன் விளிம்பில் மயிரிழை விரிசல், வண்டிக் குலுக்கலில் விழுந்ததாக இருக்கும். முகமூடிக்காரர் தட்டிப் பார்த்தார், சத்தம் செத்திருந்தது. “பிரஷ் போட்டு வைக்க எனக்குத் தர்றீங்களா?” கொடுத்துவிட்டேன்.

சுவரில் அடுத்த மாத வேலைப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை, மண் வாளி: ‘புது ஆள்.’ பென்சிலை எடுத்துப் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.