1/72 சேத்தக்: கண்ணாடி மூக்கும் மூன்று இறக்கைகளும்

சில ஆண்டுகளுக்கு முன்பு மதுரையிலிருந்து இராமேசுவரம் சென்ற ரயில் உச்சிப்புளியை நெருங்கியபோது, அங்குள்ள கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். பருந்திலிருந்து கிளம்பிய சேத்தக் ஹெலிகாப்டர் ஒன்று பனைமரங்களுக்கு மேலாகத் தாழப் பறந்து கடல் பக்கம் திரும்பியது. முன்பகுதி முழுவதும் கண்ணாடி என்பதால் விமானியின் முழங்கால்கூட எனக்குத் தெரிந்தது. அந்தக் காட்சி மனத்தை விட்டு அகலாததால்தான் நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவில், பாகங்களை நாமே ஒட்டிக் கட்டும் இந்த 1/72 பிளாஸ்டிக் மாடல் கிட்டை வாங்கினேன். திருநகர் வீட்டு மாடியறையில் மூன்று மாதமாக அதனுடன் உட்கார்ந்ததில் கண்ட நிறைகுறைகளை, வாங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சேத்தக் என்ற பெயரில் தேடினால் கிட் கிடைப்பது அரிது. அலுவெட் 3 என்று தேட வேண்டும். பிரான்சில் 28-2-1959 அன்று முதன்முதலாகப் பறந்த அந்த ஹெலிகாப்டரை, 1962இல் பெற்ற உரிமத்தின்படி பெங்களூரில் எச்.ஏ.எல். என்ற அரசு விமான நிறுவனம் தயாரித்து, மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைச் சூட்டியது. முந்நூறுக்கும் மேற்பட்டவை இங்கே உருவாயின. வடிவம் இரண்டுக்கும் ஒன்றே.

பெட்டியைத் திறந்ததும் நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் கருவியைத்தான் எடுத்தேன். நிஜ ஹெலிகாப்டரின் உடல் நீளம் 10.03 மீட்டர், 72ஆல் வகுத்தால் 139 மில்லிமீட்டர். கிட்டின் உடல் அந்த அளவில் அப்படியே பொருந்தியது. மேல்விசிறியின் விட்டம் 11.02 மீட்டர் என்பதால் 153 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதில் 151 இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் குறைவு நிஜத்தில் ஒரு சாணுக்கும் குறைவுதான் என்பதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. வால் பகுதியின் ஒடுக்கமும், கிடைநிலை வாலின் இரு முனைகளிலும் நிற்கும் சிறு தகடுகளும் அழகாக வார்க்கப்பட்டுள்ளன.

இந்த ஹெலிகாப்டரின் முகமே கண்ணாடிதான். ஆகவே எந்த நிறுவனத்தின் கிட்டாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இதில் கண்ணாடிப் பாகங்கள் தெளிவாக இருந்தாலும் தடிமன் அதிகம். மூக்கின் வளைவில் உள்ளே இருக்கும் இருக்கை இரண்டாக மடிந்து தெரிகிறது. நகைப்பட்டறைக்காரர்கள் கருவி வாங்கும் தெற்கு ஆவணி மூல வீதிக் கடையில் வாங்கிய ஊசி அரத்தால் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சாய்த்து இழைத்தபோது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தடிமன் பாதியாகக் குறைந்ததுபோல் ஆனது. ஒட்டுவதற்கு உடனே பிடிக்கும் பசையை யாரும் எடுக்க வேண்டாம். முன்பு ஒரு மாடலில் அந்தப் பசையின் ஆவி ஒரே இரவில் கண்ணாடி முழுவதையும் வெண்படலமாக மூடிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. இம்முறை பல்குச்சி நுனியில் பெவிகால் தொட்டு விளிம்பில் இழுத்தேன். காய்ந்ததும் பசை இருந்த தடமே தெரியவில்லை.

கண்ணாடி மூக்கினால் வரும் அடுத்த சிக்கலைக் கட்டும் முறைத்தாளில் சொல்லவே இல்லை. முன்சக்கரம் ஒன்றும் பின்சக்கரம் இரண்டுமாக நிற்கும் இந்த மாடலின் எடை பின்பக்கம் சாய்வதால், முன்னே எடை வைக்காவிட்டால் வால் தரையில் குந்திவிடும். மற்ற மாடல்களில் மூக்குக்குள் ஈயத்தைத் திணித்து மறைத்துவிடலாம். இதிலோ உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, தரைப் பலகையின் அடியிலும் முன் இருக்கைகளின் பெட்டிக்குள்ளும் ஒட்டினேன். ஆறு கிராம் போதுமானதாக இருந்தது. உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அறையின் உட்புறம் எனக்கு வருத்தத்தையே தந்தது. முன்னே மூவர், பின்னே நால்வர் என எழுவர் அமரலாம். பின் இருக்கைகளை மடக்கினால் நோயாளிகளைக் கிடத்த இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் வைக்கலாம். அந்த வசதிக்காகவே உலகெங்கும் மீட்புப் பணிக்கு இதை நம்பி வாங்கினார்கள். கிட்டிலோ பின்னால் ஒரே ஒரு பெஞ்சு இருக்கிறது. பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒன்று முழுவதையும் ஏவுகணைகளுக்கு ஒதுக்கியவர்கள், ஆளைத் தூக்கும் வின்ச்சை வெறும் குச்சியாக வார்த்திருப்பது சரியல்ல. ஒரு பயன்பாட்டு ஹெலிகாப்டரின் மாடல், அது என்ன வேலை செய்தது என்பதைக் காட்ட வேண்டும். அதனால் பெஞ்சை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் செய்து வைத்தேன்.

மேலே வெட்டவெளியில் நிற்கும் ஆர்டூஸ்ட் இன்ஜின் ஐந்து பாகங்களில் நன்றாகவே வந்திருக்கிறது. 870 குதிரைத்திறன் தரக்கூடிய அதை 570க்கு மட்டுப்படுத்தி வைத்திருந்ததால்தான், காற்று மெலிந்த உயரங்களிலும் இந்த ஹெலிகாப்டர் வலு குன்றாமல் நின்றது. 1960 ஜூனில் எழுவருடன் 4,810 மீட்டர் உயர மான் பிளாங்க் சிகரத்தில் இறங்கி ஏறியது. பழைய தொலைபேசி ஒயரின் செம்பு இழைகளைக் குழாய்களாகச் சேர்த்தால் இன்ஜினுக்கு உயிர் வந்துவிடும்.

மேல்விசிறியில் கவனம் தேவை. அமெரிக்க ஹெலிகாப்டர்களுக்கு மாறாக, மேலிருந்து பார்த்தால் இது கடிகார முள்ளின் திசையில் சுழலும். அதாவது மூக்குக்கு நேரே நிற்கும் இறக்கையின் மழுங்கிய முன்விளிம்பு விமானியின் வலப்பக்கம் இருக்க வேண்டும். இந்தக் கிட்டில் விசிறியை எந்தப் பக்கமாகவும் மாட்ட முடிகிறது, படமோ தலைகீழாக வரையப்பட்டிருக்கிறது. மேலும் ஓய்வில் இருக்கும் இறக்கைகள் தம் எடையால் நுனியில் தொங்கும். இங்கே அவை அளவுகோல்போல் நேராக உள்ளன. கொதித்து இறக்கிய நீரில் சில நொடிகள் முக்கி, விரலால் மெதுவாக வளைத்துக் குளிர்ந்த நீருக்கு மாற்றினேன்.

மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட டெக்கால் தாளில் ஐரோப்பிய நாடுகளின் சின்னங்களே உள்ளன. நம் நாட்டு வட்டச் சின்னத்தில் காவி வெளியேயும் வெள்ளை நடுவிலும் பச்சை உள்ளேயும் வரும் என்பதை மறவாமல் நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். வண்ணம் தீட்டுவதற்கு விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்; நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது, ஆடிக் காற்று வந்துவிட்டாலோ புழுதி ஈரப் பூச்சில் மணல்தாள்போல் ஒட்டிக்கொள்ளும்.

இது முதல் கிட்டாக வாங்க ஏற்றதல்ல. இரண்டு மூன்று விமானங்களைக் கட்டியவர்கள் தயங்காமல் வாங்கலாம், ஏனெனில் திருத்த முடியாத பிழை இதில் எதுவும் இல்லை.

மூன்று இறக்கைகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் மெல்லிய கம்பிகள் மட்டும் எனக்கு மீதி. கிட்டின் சட்டத்திலிருந்து வெட்டிய துண்டை அகல் விளக்கின் சுடருக்குச் சற்று மேலே காட்டி, பளபளப்பு ஏறியதும் இரு கைகளாலும் சீராக இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை வருகிறது. நேற்று இரவு நான்கு இழுத்தேன், அவற்றில் இரண்டு தேறின. மூன்றாவது இன்று வந்தால் சாமணத்தால் பிடித்து ஒட்டிவிடுவேன்.