சுவரொட்டி வேறு, அட்டைப்படம் வேறு

பழைய திரைப்படமொன்று சீரமைக்கப்பட்டு ப்ளூரே வட்டாக வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், மூலப்பிரதியை எந்தத் தரத்தில் ஸ்கேன் செய்தார்கள், ஒலி எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்பதற்கு முன்பே ரசிகர்களிடையே அட்டைப்படத்தைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. படம் முதன்முதலில் திரைக்கு வந்தபோது அச்சிட்ட சுவரொட்டியையே அட்டையிலும் போட வேண்டும் என்பது ஒரு சாராரின் கட்சி. இன்றைய ஓவியர் ஒருவரைக் கொண்டு புதிதாக வரையச் செய்ய வேண்டும் என்பது மற்றவர்களின் கட்சி. முதல் தரப்பினர் வரலாற்றைத் துணைக்கு அழைக்கிறார்கள். இரண்டாம் தரப்பினர் ரசனையை அழைக்கிறார்கள். நான் பெரும்பாலும் இரண்டாம் தரப்பில் நிற்பவன் என்றாலும், அதற்கு நான் சொல்லும் காரணம் வேறு. சுவரொட்டி, படத்தைப் பார்க்காதவரிடம் பேசுவதற்காக வரையப்பட்டது. வட்டின் அட்டையைக் கையில் எடுப்பவரோ, இன்றைய நிலையில், பெரும்பாலும் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்துப் பிடித்துப்போனவர்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. விஎச்எஸ் நாடாக்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்தில், பெயர்கூடக் கேள்விப்படாத படங்கள் அலமாரியில் வரிசையாக நிற்கும். எதை எடுப்பது என்று முடிவு செய்ய அட்டையைத் தவிர வேறு துணை கிடையாது. அதனால் அன்றைய அட்டை சுவரொட்டியின் வேலையையே செய்தது, பல நேரங்களில் சுவரொட்டியை விடவும் கூச்சலிட்டுச் செய்தது. படத்தில் இல்லாத அரக்கன் அட்டையில் இருப்பான். இதன் உச்சம் பிரிட்டனில் நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டின் 'தி ட்ரில்லர் கில்லர்' அங்கே நாடாவாக வந்தபோது, ஒரு மனிதனின் நெற்றியைத் துளையிடும் கருவி துளைக்கும் காட்சியே அதன் அட்டையானது. அதே காட்சியை இதழ்களில் முழுப்பக்க விளம்பரமாகவும் வெளியிட்டார்கள். புகார்கள் குவிந்தன. படமோ, மனம் பேதலிக்கும் ஓர் ஓவியனைப் பற்றியது. அட்டை வாக்களித்த அளவு ரத்தம் அதில் இல்லை. வீட்டில் பார்க்க விற்கும் வீடியோக்களுக்கும் தணிக்கைச் சான்றைக் கட்டாயமாக்கிய 1984ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பிறந்ததற்கு, படங்களின் உள்ளடக்கத்துக்கு இணையாக அவற்றின் அட்டைகளும் காரணமாயின. அட்டையை மட்டும் பார்த்துப் படத்துக்குத் தீர்ப்பு எழுதியவர்கள் அன்று ஏராளம்.

இன்று யாரும் அட்டையைப் பார்த்து, பார்க்காத படத்தின் வட்டை வாங்குவது அரிது. பார்க்க வேண்டுமென்றால் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்; வட்டு, வைத்துக்கொள்வதற்காக. ஆகவே அட்டையின் பணியும் மாறிவிட்டது. இதை விளக்க, பழைய சுவரொட்டியின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் ஓவியத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1982இல் வந்த 'தி திங்' என்ற திகில் படத்துக்குச் சுவரொட்டி ஓவியர் ட்ரூ ஸ்ட்ரூசன் வரைந்தது அது. பனிப்பிரதேச உடையணிந்த ஓர் உருவம் நிற்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒளிக்கதிர்கள் பாய்கின்றன. படத்தின் ஒரு புகைப்படம்கூடக் கையில் இல்லாத நிலையில், ஒரே இரவில் அதை வரைந்து முடித்தார். காலையில் வாங்கிச் செல்ல ஆள் வந்தபோது வண்ணம் இன்னும் காயவில்லை. படத்தைப் பார்க்காதவர் பார்க்காதவர்களுக்காக வரைந்த ஓவியம் என்பதால்தான் அது அத்தனை வலிமையாக இருக்கிறது, 'உள்ளே என்ன?' என்ற ஒரே கேள்வியைத்தான் அது கேட்கிறது. பதிலைத் தெரிந்துகொண்டவருக்கு அந்தக் கேள்வி ஓர் இனிய நினைவு, அவ்வளவுதான்.

இதன் எதிர்முனையில், சிறந்த படங்களை வட்டுகளாக வெளியிடும் அமெரிக்காவின் க்ரைட்டீரியன் நிறுவனம் நிற்கிறது. 1984இல், டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டான லேசர்டிஸ்க்கில் தொடங்கிய இந்த நிறுவனம், பழைய சுவரொட்டிகளை அவ்வப்போது பயன்படுத்தினாலும், புதிய அட்டைகளால்தான் பெயர் வாங்கியது. 2011இல் இயக்குநர் சாமுவேல் ஃபுல்லரின் 'ஷாக் காரிடார்', 'தி நேக்கட் கிஸ்' ஆகிய இரு படங்களை மறுபடி வெளியிட்டபோது, சித்திரக்கதை ஓவியர் டேனியல் க்ளௌஸை அட்டை வரையச் செய்தார்கள். ஃபுல்லரின் படங்களில் உணர்ச்சிகள் எப்போதும் ஒரு சுருதி கூடுதலாகவே ஒலிக்கும். மலிவுவிலைச் சித்திரக்கதைகளின் தடித்த கோடும் தட்டையான வண்ணமும் அந்த மிகையை அப்படியே பிடித்துவிடுகின்றன. இது படத்தைப் பார்த்த ஒருவர், பார்த்த இன்னொருவரிடம் சொல்லும் கருத்து. ஒரு வகையில் அது விமர்சனம். பிடிக்கவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்; விமர்சனத்தோடு முரண்பட நமக்கு உரிமை உண்டல்லவா?

வரலாற்றுக் கட்சியினர் கவனிக்கத் தவறும் இன்னொன்று, அளவு. பழைய அமெரிக்கச் சுவரொட்டி 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்டது, அதாவது அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு உயரம். டிவிடி அட்டையின் முகப்பு ஏறத்தாழ 130 மில்லிமீட்டருக்கு 183 மில்லிமீட்டர் என்பதால் ஓரளவு ஒத்துப்போகும். ப்ளூரேயில் அகலம் அதேதான், உயரம் மட்டும் 150 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. பெட்டியின் மேலே உள்ள நீலப் பட்டை வேறு தன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. சுவரொட்டியை அகலத்துக்குப் பொருத்தினால் உயரத்தில் ஏறத்தாழக் கால் பங்கை வெட்டியாக வேண்டும். அந்தக் கால் பங்கில்தான் ஓவியர் விட்டுவைத்த வானமோ, வெறுமையோ, கீழே கலைஞர்களின் பெயர்களோ இருக்கும். வெட்டியபின் தலைப்பை நடுவுக்கு நகர்த்துவார்கள். உருவத்தின் கால்கள் மறையும். 'மூலச் சுவரொட்டி' என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் பல அட்டைகள், உண்மையில் மூலச் சுவரொட்டியிலிருந்து நறுக்கிய துண்டுகளே.

நடிகர்களின் தலைகளை மட்டும் வெட்டி வானத்தில் மிதக்கவிடும் அட்டைகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அவற்றை இரு தரப்பினருமே வெறுக்கிறார்கள். இந்த விவாதத்தில் ஒருமித்த கருத்து என்று இருப்பது இது ஒன்றுதான்.

கதையின் முடிவை அட்டையிலேயே காட்டிவிடும் விவகாரம் சுவையானது. 1968ஆம் ஆண்டின் 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில் கதாநாயகன் எதைக் கண்டு மண்டியிடுகிறானோ, அதையே முகப்பில் போட்டு டிவிடி வெளியிட்டார்கள். (அது எது என்று இங்கே எழுதினால் அந்த அட்டையை அனுமதித்தவர்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.) வட்டு வாங்குபவர் படத்தைப் பார்த்தவர் என்ற என் வாதத்தின்படி இதில் தவறில்லை என்றுதானே ஆகும் என்று ஒருவர் மடக்கலாம். ஆகாது. சேகரிப்பவரின் அலமாரி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் வளரும் பிள்ளையும், இரவல் கேட்கும் நண்பரும் அதே அட்டையைத்தான் பார்ப்பார்கள். பார்த்தவரிடம் பேச வேண்டும், அதே சமயம் பார்க்காதவரிடமிருந்து ரகசியத்தைக் காக்கவும் வேண்டும் என்பதுதான் அட்டை ஓவியரின் உண்மையான சவால். முடிவை அப்படியே வரைந்துவிடுவது, அந்தச் சவாலை ஏற்காமல் நழுவுவதாகும்.

சட்டமும் அட்டையில் இடம் கேட்கிறது. ஜெர்மனியில் 2008 முதல், வயது வரம்பைக் குறிக்கும் எஃப்எஸ்கே (அந்நாட்டின் திரைப்பட வயதுத் தர அமைப்பு) முத்திரை முகப்பின் இடப்புறக் கீழ்மூலையில் குறைந்தது 1,200 சதுர மில்லிமீட்டர் பரப்பில் இருந்தாக வேண்டும். ப்ளூரே அட்டையில் அது ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு. நிறமும் கண்ணைக் குத்தும். ரசிகர்களின் கோபத்தைத் தணிக்க, முத்திரை இல்லாத அதே ஓவியத்தை, பெட்டியில் செருகும் அட்டைத் தாளின் மறுபுறம் அச்சிடும் வழக்கம் அங்கே பரவியது. வாங்கியவர் வீட்டில் தாளை உருவித் திருப்பிப் போட்டுக்கொள்வார். குழந்தைகளைக் காக்க வேண்டிய முத்திரை, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் மறைந்துபோகிறது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் யோசித்தார்களா என்பது வேறு கதை.

பிரிட்டனின் வட்டு வெளியீட்டு நிறுவனமான ஆரோ வீடியோ இந்தத் திருப்பிப் போடும் தாளை வேறொரு சமரசத்துக்குப் பயன்படுத்துகிறது: ஒரு புறம் புதிய ஓவியம், மறுபுறம் பழைய சுவரொட்டி. இரு தரப்பினரும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் இதில் முழு உடன்பாடு இல்லை. பெட்டி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனதால், திறந்தவுடன், உட்புறம் தள்ளப்பட்ட ஓவியம் வட்டுக்குப் பின்னாலிருந்து பாதி முகத்தோடு எட்டிப் பார்க்கிறது. இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. 'இந்தப் படத்தை நாங்கள் இப்படிப் பார்க்கிறோம்' என்று சொல்லும் துணிவைப் பதிப்பாளர் வாங்குபவரின் கையில் தள்ளிவிடுகிறார். ஆயினும் என் அலமாரியிலும் சில தாள்கள் திருப்பிப் போடப்பட்டே இருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை.

இவ்வளவு சண்டைக்குப் பிறகும், வாங்கிய வட்டு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை முகப்பை மறைத்துக்கொண்டு, முதுகை மட்டும் காட்டியபடிதான் கழிக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத அந்தப் பட்டையைப் பற்றி நியாயமான அளவு விவாதம் நடப்பதில்லை. ஒரே வரிசையின் நடுவில் எழுத்துருவை மாற்றினால் மட்டும் கூக்குரல் எழும். க்ரைட்டீரியன் முதுகில் வரிசை எண் போட்டுத் தன் வாடிக்கையாளர்களைக் கட்டிப்போட்ட தந்திரம், எந்த முகப்பு ஓவியத்தையும் விட அதிக வட்டுகளை விற்றிருக்கும் என்பது என் ஊகம்.

விற்பனை இணையத்துக்கு மாறியபின் அட்டை கைப்பேசித் திரையில் நகத்தளவே தெரிகிறது. மெல்லிய கோடுகள் அந்த அளவில் அழிந்துவிடும். பெரிய முகமும் பெரிய தலைப்பும் மட்டும் தாக்குப்பிடிக்கும். மிதக்கும் தலைகள் திரும்பி வருவதற்கு இதுவே காரணம். மறுபுறம், ஸ்டீல்புக் எனப்படும் உலோகப் பெட்டிகள் பல முகப்பில் தலைப்பே இல்லாமல் வருகின்றன, விவரங்கள் முழுவதும் பின்னால் பசைப் பொட்டு வைத்து ஒட்டிய ஒரு தாளில் இருக்கும். தாளை உரித்தெடுத்தபின் வெறும் ஓவியம் மட்டும் எஞ்சும். பெயரே தேவைப்படாத அளவுக்குப் படத்தை அறிந்தவருக்கான பொருள் அது.

ஒரு கோரிக்கை மட்டும் எனக்கு உண்டு. இந்த வாக்குவாதங்களில் நிறுவனத்தின் பெயரே அடிபடுகிறது. வரைந்தவரின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. க்ரைட்டீரியன் தன் வெளியீடுகளில் அட்டை ஓவியரின் பெயரைக் குறிப்பிடுகிறது. பெரிய ஸ்டூடியோக்களின் சாதாரண வெளியீடுகளில் அதைத் தேடினாலும் கிடைப்பதில்லை. திட்டுவதானாலும் பாராட்டுவதானாலும் உரியவரிடம் போய்ச் சேர, பின்னட்டையில் ஒரே ஒரு வரி போதும்.