பின்னிருக்கை காலி

அதிகாலை மூன்று மணி. பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஏடிஎம் வாசலில் பைக்கை நிறுத்திய காவலர், அங்கே தொங்கிய ரோந்து நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. பேனா எழுதவில்லை. உதறி உதறி எழுதினார். கையில் டார்ச், வண்டியில் லத்தி. பின்னிருக்கை காலி.

நவல்பட்டு பூமிநாதன் நினைவுக்கு வந்தார். 2021 நவம்பரில், இரவு ரோந்தின்போது ஆடு திருடர்களைத் துரத்திப் போன சிறப்பு உதவி ஆய்வாளர். திருச்சி மாவட்ட எல்லையைத் தாண்டி, கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆடுகளுக்காக ஓர் உயிர்! ரோந்து செல்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அறிவுறுத்தினார்.

துப்பாக்கி மட்டும் போதுமா? பின்னிருக்கையில் துணைக்கு ஒருவர் வேண்டாமா?

அமெரிக்காவின் சான் டியாகோவில் 1970களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒருவர் மட்டும் செல்லும் ரோந்து கார், இருவர் செல்லும் காரைவிடப் பாதுகாப்பில் குறைந்ததல்ல என்றது முடிவு. செலவும் குறைவு.

இதை இங்கே அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே தனியாகச் செல்பவர் காருக்குள் இருக்கிறார். இடுப்பில் துப்பாக்கி, கையெட்டும் தூரத்தில் வயர்லெஸ், கூப்பிட்டால் வர இன்னொரு கார். நம் காவலருக்கு இருப்பது ஒரு பைக்கும் இருட்டான கிராமச் சாலையும்.

இரவு ரோந்துக்கு இருவரை அனுப்புங்கள். ஆளில்லை என்றால், துணைக்கு வரும் வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதையாவது கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.