சார்னோகைட்டுக்கு அந்த பேரு எப்படி வந்துச்சு

சாயில் டெஸ்டிங் வேலைல இருக்கற ஜியாலஜிஸ்ட் நான். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போர்ஹோல் போட்டா மேல மண்ணு, அப்புறம் மக்குன பாறை, அதயும் தாண்டுனா கெட்டியா ஒரு கல்லு வரும். துளைல இருந்து வெட்டி எடுத்த கல்ல கோர் பாக்ஸ்ல வச்சு தண்ணி ஊத்தி தொடச்சு பாத்தா கருநீலமா, எண்ணெ தடவுன மாதிரி மினுமினுக்கும். ரிக்ல இருக்கற அண்ணனுங்க கருங்கல்லும்பாங்க, அதையே கிரஷர்ல ஒடச்சா ப்ளூ மெட்டல், துளைல என்னென்ன வந்துச்சுன்னு குறிக்கற போர்லாக்ல நாங்க எழுதறது சார்னோகைட்.

புதுசா சேர்ற பசங்கள கேட்டா யாரோ வெள்ளைக்கார ஜியாலஜிஸ்ட் பேரு சார்ங்கறாங்க. அது ஜாப் சார்னாக்ங்கறவரோட பேரு. வெள்ளைக்காரர்தான், ஆனா அவருக்கும் ஜியாலஜிக்கும் சம்பந்தமே இல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட், 1690ல ஹூக்ளி கரைல கம்பெனிக்கு எடம் புடிச்சவர், கொஞ்ச வருஷத்துலயே அங்கயே செத்துட்டார். கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச்ல கல்லறை இருக்கு. அங்க சுத்தி பூரா வண்டல் மண்ணு, கல்லறைக்கு போட்ட கல்லு நம்ம மதராஸ் பக்கத்து கல்லு.

இருநூறு வருஷம் கழிச்சு ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியால இருந்த தாமஸ் ஹாலண்ட் அந்த கல்ல ஆராய்ஞ்சு பாக்கறார், கிரானைட் மாதிரி இருக்கு ஆனா உள்ள ஹைப்பர்ஸ்தீன்னு ஒரு கனிமம் இருக்கு, இது தனி வகைன்னு சொல்லி 1893ல சார்னாக் பேர வச்சுட்டார். மதராஸ் பக்கத்து மலைங்கள்ல இருக்கற அதே கல்லுதான்னு அவருக்கு நல்லாவே தெரியும், அதுதான் எனக்கு ஆதங்கம். சார்னாக்குக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே பல்லாவரம் மலைல மகேந்திரவர்மன் குகைக்கோயில் குடைஞ்சிருக்கான், ஊர் பேரயே வச்சிருக்கலாம்.

சார்னாக்குக்கும் மதராஸுக்கும் தொடர்பே இல்லன்னும் சொல்லிட முடியாது, 1689ல அவரோட பொண்ணுங்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி சர்ச்ல. கொல்கத்தாவ உருவாக்குனவர் அவர்னு ரொம்ப காலமா பாடப் புஸ்தகத்துல இருந்துச்சு, அப்படி சொல்லக்கூடாதுன்னு 2003ல கல்கத்தா ஹைகோர்ட் தீர்ப்பு குடுத்துருச்சு. ஊர்ல போன அந்த பேரு கல்லுல மட்டும் அப்படியே நிக்குது.

ரிப்போர்ட்ல ஹார்ட் ராக்னு போட்டா போதும்னு கிளையன்ட் சொன்னாலும் நான் சார்னோகைட்னு முழுசா எழுதித்தான் அனுப்புவேன், பசங்களையும் அப்படியே எழுத சொல்றேன். நார்வே, அன்டார்டிகான்னு எங்க இந்த கல்லு கெடைச்சாலும் அதுக்கு டைப் லொக்காலிட்டி, அதாவது அந்த வகைக்கு அடையாளமா வச்சிருக்கற மூல எடம், எதுன்னு கேட்டா நம்ம பரங்கிமலையத்தான் சொல்லியாகணும், இத அவங்க தெரிஞ்சிக்கணும்.