தழை மட்டும் கொழுத்த பாத்தி

ஏப்ரல் 12
நியூஜெர்சியில் குளிர் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் டே லில்லி பூச்செடி விரல் நீளத்துக்குத் தளிர்விட்டுவிட்டது. வாசலில் ஒரு பாத்தி, கொல்லையில் ஒரு பாத்தி, இரண்டிலும் ஏழேழு தூர், 'ஸ்டெல்லா டி ஓரோ' என்ற டே லில்லி ரகம். கொல்லைக்கு ஒரு கூடை கம்போஸ்ட் போட்டேன். வாசலுக்குப் புல்தரை உரத்தில் மீந்ததைத் தூவினேன். வீணாக்குவானேன்?

மே 10
வாசல் பாத்தி கருகருவென்று பச்சை. வீடியோ காலில் பார்த்த அம்மா, "வெங்காயத்தாளா போட்டிருக்கே?" என்றாள்.

மே 30
பூத்தண்டுகளை எண்ணினேன். கொல்லையில் 23, வாசலில் 9! சந்தேகப்பட்டு உர மூட்டையைப் புரட்டினால், மூன்று சத்துகளின் சதவீதம் 32-0-4 என்றிருக்கிறது. முதல் எண் தழைச்சத்து (நைட்ரஜன்). பேரிலேயே இருக்கிறது, தழையைத்தான் தரும். பூக்கிற செடிக்கு 5-10-10 மாதிரி முதல் எண் குறைந்த உரம், அதுவும் வசந்தத்தில் ஒரு கை போதும். நல்ல மண்ணாக இருந்தால் கம்போஸ்டே போதும். போட்டதை இனி அள்ளவா முடியும்?

ஜூன் 9
முதல் பூ, மஞ்சள். காலையில் விரிந்தது, ராத்திரிக்குள் சுருங்கிவிட்டது. அம்மாவுக்கு இதில் மரியாதையே இல்லை. "வாசனையும் இல்லை, ஒரு நாள்கூடத் தாங்காது, இதை எப்படித் தொடுக்கிறது?" சீனாவில் டே லில்லி மொட்டைக் காயவைத்துச் சமைப்பார்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் யோசித்தாள். 1975-இல் ஜப்லான்ஸ்கி என்பவர் அறிமுகப்படுத்திய ரகம் இது. திரும்பத் திரும்பப் பூக்கும் என்பதால்தான் இங்கே கடை வாசல், பார்க்கிங் ஓரமெல்லாம் இதுவே.

ஜூன் 28
ஒரு வாரம் ஊரில் இல்லை. நல்ல வெயில், மழையே இல்லை. திரும்பி வந்தால் கொல்லையில் மொட்டுகள் மஞ்சளாகிக் கொட்டிக் கிடக்கின்றன. உரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்குத் தண்ணீர் பாடம் சொல்லிவிட்டது. மொட்டுக் கட்டும் நேரத்தில் வாரம் ஒரு அங்குலம் தண்ணீர் வேண்டும். என் பாத்தி பத்துக்கு நாலடி, அதற்குச் சுமார் 25 கேலன். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை வேர் வரை ஊற விடுவது மேல். சூரைமீன் டப்பா ஒன்றைப் பாத்தியில் வைத்திருக்கிறேன், அதுதான் என் மழைமானி. குழாயைக் காலையில் தூரடியில் போட்டுவிடுகிறேன். பூவின் மேல் தண்ணீர் பட்டால் இதழில் புள்ளி விழுகிறது. மேலே மரத்தூள் மூடாக்கு.

ஜூலை 19
பழைய தண்டுகளை நறுக்கிய பிறகு இரண்டாம் சுற்று: கொல்லையில் ஆறு புதுத் தண்டு, வாசலில் இரண்டு. அந்த இரண்டுக்கே இவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 21
ராத்திரி மான் வந்திருக்கிறது. வாசலில் இருந்த இரண்டு தண்டையும் மொட்டோடு கடித்துவிட்டுப் போய்விட்டது. அந்தக் கொழுத்த தழையைத் தொடக்கூட இல்லை.